சரிசெய்யப்பட்ட ரத்தம்

புஷ்பவல்லி பிறப்பால் சீனத்தி என்பது கிள்ளானில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒன்று அரசாங்கப் பதிவு, இன்னொன்று புஷ்பவல்லி.

அரசாங்கப் பதிவைக் குறை சொல்வதற்கில்லை. அறுபது சொச்சம் வருஷத்துக்கு முன்னால், சீனர் கணக்கில் புலி வருஷத்தில், ஒரு வீட்டில் மறுபடியும் பெண் பிறந்தது. புலி வருஷத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பின்வரிசை வீட்டில், சாலை போடும் வேலையிலிருந்த வேலாயுதமும் அவர் மனைவி வள்ளியம்மாவும் பிள்ளையில்லாமல் இருந்தார்கள். தொப்புள்கொடி காய்வதற்குள் குழந்தை வீடு மாறிவிட்டது. அந்தக் காலத்தில் இது ஊரில் நடக்கிற காரியம்தான். தத்துப் பத்திரம், கோர்ட்டு என்று அலைய யாருக்கு நேரம்? வேலாயுதம் நேரே போய், எனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று பதிந்துவிட்டு, திரும்பும் வழியில் கற்கண்டு வாங்கிவந்து தெருவெல்லாம் கொடுத்தார்.

புஷ்பவல்லிக்குத் தெரியாது என்று சொன்னதும் முழுக்கச் சரியில்லை. வீட்டில் கண்ணாடி இருந்தது. ஆனால் அந்த வார்த்தையை அவள் காதுபட யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பாசாரில் மீன்காரன் அவள் முகத்தைப் பார்த்து ஹொக்கியன் சீனத்தில் விலை சொன்னால், "தமிழ்லயோ மலாயிலயோ சொல்லுப்பா" என்பாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தால் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் அவளை மட்டும் ஓடி ஓடிப் படம் பிடிப்பார்கள். தன் சேலைக்கட்டு அவ்வளவு நேர்த்தி என்று அவள் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டிய கமலநாதன் அவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில், சண்டையின் உச்சத்தில்கூட, அந்த வார்த்தையை எடுத்ததில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்த மனிதர்.

போன வருஷம் அவளுக்கு இடது கன்னத்தில் வலி வந்தது. பல்வலி என்று பல்லைப் பிடுங்கினார்கள். பல் போயிற்று, வலி இருந்தது. காற்று பட்டால், வாயைத் திறந்தால், ஒரு வாய் கஞ்சி குடித்தால் கன்னத்தில் கரண்ட் அடித்தது போல அவள் துடிப்பாள். பேச்சு குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. முகத்து நரம்பு வலி, கார்பமாஸபின் என்றொரு மாத்திரைக்குக் கேட்கும் என்றார் மருத்துவர். ஒரே ஒரு சங்கடம். சிலர் உடம்பில் பிறவியிலேயே ஒரு மரபணு இருக்கும். அவர்கள் அதைச் சாப்பிட்டால் உடம்பு அந்த மாத்திரையை எதிரியாக நினைத்து, தன் தோலையே உரித்துப் போட்டுவிடும். ஆகவே முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். அந்த மரபணு இருந்தால் வேறு மாத்திரை இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட ஒன்றுமில்லாத அந்த வேலையைச் செய்வதற்கென்றே ஷா ஆலமில் ஒவ்வாமை மரபிடர் முன்னறிவிப்பு நிலையம் என்று ஒன்று இருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தும்மல் போட்டுவிடலாம்.

நிலையத்தில் நான்கு கவுண்டர்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். எல்லோருடைய மரபணுவும் ஒன்றுபோல இல்லை என்று விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டபடியால், எல்லோருடைய நாற்காலியும் ஒன்றுபோல இருக்கக் கூடாது என்று நிலையம் முடிவு செய்து, நான்கு நிறத்தில் வாங்கிப் போட்டிருந்தது.

வாசலில் நின்ற காவலாளி புஷ்பவல்லியை ஒரு பார்வை பார்த்தான். "ஆன்டி, சீனர் அந்தப் பக்கம்."

சீனர் கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டையான ஐசியைக் கருவியில் சொருகினாள், திரையைப் பார்த்தாள், இந்தியர் கவுண்டருக்குக் கை காட்டினாள். இந்தியர் கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தார். "ராங் லைன் லா ஆன்டி" என்று திருப்பி அனுப்பினார். இப்படிப் போய் வந்து, போய் வந்து, மத்தியானத்துக்கு மேல் மேலதிகாரி ஒருவர் தலையிட்டு, இரண்டு வரிசைக்கும் நடுவே நடைபாதையில் நிறமில்லாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். புஷ்பவல்லி கன்னத்தைப் பொத்திக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். கமலநாதன், எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாமல், அவள் பின்னால் நின்றார்.

எதிரே பெரிய திரையில் நிலையத்தின் துணை இயக்குநர் டாக்டர் முகுந்தன் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வாமை என்றால் என்ன? தன்னுடையது எது, அந்நியம் எது என்று தெரியாமல் உடம்பு தடுமாறுவது. ஆஸ்துமாவோ கரப்பானோ மருந்து ஒவ்வாமையோ, அந்தத் தடுமாற்றத்தின் விதை பெற்றோர் கொடுத்த மரபணுவில் இருக்கிறது. அன்பர்களே, உடம்பு தடுமாறலாம். நிலையம் தடுமாறாது! இன்னார் இன்ன இனம் என்று பிறந்த அன்றே ஒரு கட்டத்தில் குறித்துவிடுகிறோம். மீதி வேலையை விஞ்ஞானம் பார்த்துக்கொள்கிறது!"

பேச்சு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

ரத்தம் எடுக்குமுன் குடும்ப வரலாறு கேட்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிரெண்டா என்றொரு இளம்பெண் இருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, இனிமையான குரல்.

"ஆன்டி, உங்க அம்மா சைட்ல யாருக்காச்சும் அலர்ஜி, ஆஸ்துமா, தோல் வியாதி அப்படி இருந்துச்சா?"

வலியையும் பொருட்படுத்தாமல் புஷ்பவல்லி வாயைத் திறந்தாள். "எங்கம்மாவுக்கு இழுப்பு. மழை வந்தா படுக்க மாட்டாங்க, உக்காந்தேதான் தூங்குவாங்க. அவங்க அம்மாவுக்கும் இருந்துச்சாம். எனக்கும் சின்னதுல லேசா இருந்துச்சு, அம்மா மாரியே."

"ஓ, அப்ப ஸ்ட்ரோங் மேட்டர்னல் ஹிஸ்டரி" என்று பிரெண்டா வள்ளியம்மாவை ஒரு வட்டமாக வரைந்து, அதிலிருந்து புஷ்பவல்லி வரை ஒரு கோடு இழுத்தாள். கமலநாதன் அந்தக் கோட்டையே பார்த்தார். பிரெண்டாவும் ஒருமுறை நிமிர்ந்து புஷ்பவல்லியின் கண்களைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். நிலையத்தில் வேலை நிரந்தரமாகாதவள்.

கமலநாதன் அப்போதே சொல்லியிருக்கலாம். மனைவியின் முகத்தில், இத்தனை மாதத்தில் பார்க்காத ஒரு சந்தோஷம் தெரிந்தது. அம்மாவைப் பற்றிப் பேசினால் அவளுக்கு அப்படித்தான். எப்படிச் சொல்வார்?

முடிவு வந்தது. மரபணு இருக்கிறது.

அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். வேறு மாத்திரையை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நிலையத்தின் கணினி, மற்ற மரபணுக்களையும் கூட்டிப் பார்த்து, இந்த ரத்தம் ஒரு சீனருடையது என்று சொன்னது. ஐசி, இந்தியர் என்று சொன்னது. ஆகவே ரத்தக் குப்பி மாறிவிட்டது என்று நிலையம் கண்டுபிடித்து, குப்பியில் பெயர் ஒட்டும் பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி சீன ரத்தம். இம்முறை குளிர்பெட்டியை மாற்றினார்கள். அதற்கடுத்த முறை, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், ஊசி குத்தும்போது படம் பிடித்து, குப்பிமேல் புஷ்பவல்லியின் கட்டைவிரல் ரேகையை வாங்கினார்கள். சாட்சிகளில் ஒருவர் அவள் முகத்தைப் பார்த்து மாண்டரினில், வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு, இந்த இந்தியப் பெண்மணியின் ரத்தம் என் கண்ணெதிரே எடுக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டார்.

முடிவு மாறவில்லை. ரத்தம் பிடிவாதமாக இருந்தது. புஷ்பவல்லி இதற்குள் பாதியாகிவிட்டாள். உறிஞ்சுகுழல் வைத்து மைலோ குடிப்பதைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. வலி வரும்போது சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தலையணையைக் கடிப்பாள், கடிக்கிற வலியில் இன்னும் துடிப்பாள். சுபாங் ஜெயாவில் வேலை பார்த்த மகள் ஷாமினி விடுப்புப் போட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கமலநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியிடம் வேன் டயர் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஷா ஆலமுக்குப் போனார்.

டாக்டர் முகுந்தன் திரையில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

கமலநாதன் கதவைச் சாத்தினார். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டார். "சார்... அவ சீனப் பிள்ள சார். வேலாயுதம் மாமா எடுத்து வளத்தாரு."

சொல்லி முடித்ததும், ஏதோ திருடிவிட்டவர் போல, சாத்திய கதவை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் முகுந்தன் பரிவோடு தலையாட்டினார். "நல்லது அங்கிள். தத்தெடுத்த பேப்பர் இருக்கா?"

"இல்ல சார். சொந்தப் பிள்ளன்னே பதிஞ்சிட்டாங்க."

"அப்ப பேப்பர்படி அவங்க சொந்தப் பிள்ளதானே?"

"அவ மூஞ்சப் பாருங்க சார்!"

டாக்டர் முகுந்தனின் முகம் கடுத்தது. "அங்கிள், மன்னிக்கணும். மூஞ்சப் பாத்து இனம் சொல்றது ரொம்பத் தப்பு. இந்த நிலையத்துல நாங்க இனவாதத்துக்கு எடம் குடுக்கறதில்ல."

கமலநாதன் தலை குனிந்தார். தான் அப்படிப்பட்டவன் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"அப்ப ரத்தத்தப் பாருங்க சார். ரத்தமே சொல்லுதே."

"அந்த ரத்தந்தானே அங்கிள் பிரச்சினையே! அது அவங்க ரத்தமான்னே சந்தேகம். சந்தேகத்துல இருக்கற ஆளே சாட்சி சொன்னா கோர்ட்ல எடுப்பாங்களா? ஒண்ணு பண்ணுங்க. பெத்த அம்மாவக் கூட்டிட்டு வாங்க. ஒத்துப் பாத்துருவோம்."

"அவங்க யாருன்னே தெரியாது சார். இருந்தா நூறு வயசு இருக்கும்."

"பாத்தீங்களா" என்றார் டாக்டர் முகுந்தன், தன் பக்கம் நியாயம் இருப்பது நிரூபணமாகிவிட்டவரைப் போல. "கவலப்படாதீங்க. இந்த மாதிரி கேசுக்குன்னே ஒரு குழு இருக்கு."

"சார், அந்த வேற மாத்திரையாச்சும் குடுத்துருங்களேன். எதுக்கு வம்பு?"

"அது மரபணு உள்ளவங்களுக்கு மட்டும் அங்கிள். இல்லாதவங்களுக்குக் குடுத்தா ஓடிட் தணிக்கையில மாட்டிக்குவோம்."

இன ஒத்திசைவுக் குழு கூடியது. நாசி லெமாக் சாப்பிட்டது. ஐசி என்பது சட்டப்படி செல்லத்தக்கது, ரத்தம் என்பது வெறும் மாதிரி என்று விவாதித்தது. அந்த மரபணு இந்தியர்களில் குறைவு. குறைவு என்பதை நடைமுறை வசதிக்காக இல்லை என்று கொள்ளலாம் என ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். 'இனத்திற்கேற்பச் சரிசெய்யப்பட்ட முடிவு: மரபணு இல்லை' என்று முத்திரை குத்தி, நிலையம் முதன்முறையாக ஒரு மனுஷியின் ரத்தத்தைத் திருத்தியது.

முடிவைத் தெரிவிக்க நிலையத்திலிருந்து வீட்டுக்கே தொலைபேசி வந்தது. எடுத்தது புஷ்பவல்லி. ஒளிவுமறைவில்லாத நிலையம் அது. கணவர் வந்து தத்துப்பிள்ளை, சீனப்பிள்ளை என்று ஏதோ குழப்பினாரென்றும், ஆதாரமில்லையென்று குழு தள்ளிவிட்டதென்றும், அவள் முழுக்க முழுக்க இந்தியரே என்றும் விளக்கமாகச் சொன்னார்கள்.

கமலநாதன் வீட்டுக்கு வந்தபோது அவள் சாமி அறையில், வேலாயுதம் வள்ளியம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேசினால் கரண்ட் அடிக்கும். இருந்தும் பேசினாள்.

"எங்கப்பா எனக்கு அப்பா இல்லன்னு போய்ச் சொன்னீங்களா?"

"வல்லி, உன் உசுருக்காகத்தான்..."

"மூணாவது மனுஷன் கிட்ட." கன்னத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. "ஊரே மூஞ்சப் பாத்துச்சு. நீங்க மட்டும் பாக்கலன்னு நெனச்சேன். இன்னொருவாட்டி அத எங்கியாச்சும் சொன்னீங்க, நான் செத்தா என் பொணத்தக்கூடத் தொடக்கூடாது."

மறுநாள் நிலையமே அந்தக் கார்பமாஸபின் மாத்திரையை அனுப்பி வைத்தது. கமலநாதன் கெஞ்சினார். ஷாமினி, "இப்ப வேணாம்மா, வேற டாக்டரப் பாப்போம்மா" என்றாள். புஷ்பவல்லிக்கு இதற்குமேல் வலி தாங்க முடியவில்லை என்பது நிஜம். அது மட்டுமில்லை என்பதும் நிஜம்.

"எங்கப்பா பொண்ணுக்கு இது ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, படத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

வலி போய்விட்டது. அதையும் சொல்ல வேண்டும், மாத்திரையின் மேல் பழி போடக் கூடாது. ஒரு வாரம் புஷ்பவல்லி தோசை சாப்பிட்டாள், ரசம் வைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிக்கு மேல் சிரித்துப் பேசினாள். கணவரோடும் பேச ஆரம்பித்தாள். தான் அநியாயமாகப் பயந்துவிட்டோமோ என்று கமலநாதனுக்கே தோன்றியது. அரசாங்கக் குழு முட்டாள்களா என்ன?

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. வாய்க்குள் புண். மார்பில் சிவப்புத் திட்டுகள் தோன்றி, திட்டுகள் சேர்ந்து கொப்புளமாகி, ஆஸ்பத்திரியில் தாதி சட்டையைக் கழற்றியபோது சட்டையோடு தோலும் வந்தது. தீக்காயக்காரர்களை வைக்கும் அறையில் அவளைத் துணிபடாமல் கிடத்தினார்கள். அங்கே இருந்த மருத்துவர்களுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. யார் இந்தச் சீன அம்மாவுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தது என்று ஒருவர் கத்தினார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, புஷ்பவல்லி தலையை லேசாக ஆட்டினாள். இல்லை என்கிறாளா, வலியில் அசைகிறாளா என்று கமலநாதனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கணவன் இருக்கும்போதே போய்ச் சேர்ந்த சுமங்கலி. மஞ்சள் பூசிக் குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள் வந்து நின்றார்கள். பூச இடமில்லை. யாரும் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் தோலில் ஷாமினி விரல் படாமல் குங்குமத்தைத் தூவினாள்.

பிறகு நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. பயனடைந்தவர்கள் குடும்பம் என்ற முறையில் கமலநாதனுக்கும் அழைப்பு. அந்த மரபணு தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கக் கூடும், ஷாமினியின் பெயரில் ஓர் எச்சரிக்கையைப் பதிந்துவிட வேண்டும் என்று தீக்காய மருத்துவர் சொல்லியிருந்ததால், அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

மேடையில் டாக்டர் முகுந்தனுக்கு மாலை.

"இந்த மருந்தால் அதிக ஆபத்துள்ள இனம் என்று நாங்கள் அறிவித்த சீனர்களில், இந்த ஆண்டு ஒருவர்கூட, ஒருவர்கூட, பாதிக்கப்படவில்லை! இந்தியர்களில் ஒரு மரணம். அதில் ஆச்சரியமான செய்தி என்னவென்றால், அவருக்கு அந்த மரபணுவே கிடையாது! காரணம் மர்மம். அதை ஆராய்வதற்கென்றே புதிய கட்டடம் கேட்டிருக்கிறோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கமலநாதனுக்குப் பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுத் தட்டினார்.

விழா முடிந்து கவுண்டர் திறந்ததும் கமலநாதன்தான் முதலில் போய் நின்றார். பிரெண்டா அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் திரையில் கட்டம் கட்டமாகத்தான் போக வேண்டும்.

"ஷாமினியோட அம்மா... என்ன இனம் அங்கிள்?"

கமலநாதன் மகளைப் பார்த்தார். அம்மாவின் அதே கண்கள். புஷ்பவல்லி போட்ட ஆணை நினைவுக்கு வந்தது. பிணத்தைத் தொடக் கூடாது என்றாள், தொட முடியாமலே போயிற்று. இதற்குமேல் அவள் என்ன செய்துவிடப் போகிறாள்?

"சீனம்" என்றார், ஹாலுக்கே கேட்கும்படி.

பிரெண்டா தட்டினாள். திரை சிவந்தது. "எடுக்க மாட்டேங்குது அங்கிள். அம்மா ரெக்கோர்ட்ல இந்தியன்னு இருக்கு. அத மாத்தணும்னா, அம்மாவே நேர்ல வரணுமாம்."

"அவ செத்துட்டாம்மா."

"தெரியும் அங்கிள்" என்றாள் பிரெண்டா, கிட்டத்தட்ட அழுதுகொண்டு. "செத்தது வேற ஸ்கிரீன். இந்த ஸ்கிரீனுக்கு அது தெரியாது."

அவள் வேறு வழியில்லாமல் திருத்த விண்ணப்பத்துக்கான பொத்தானை அழுத்தினாள். இறந்தவள் பெயரில் ஒரு வரிசை நம்பர் வந்தது. இன்னொரு பக்கம் ஷாமினிக்கு ஒரு பச்சை அட்டை அச்சாகி விழுந்தது. இந்தியர், ஆபத்து இல்லை, வாழ்த்துகள்.

கமலநாதனும் ஷாமினியும் போய் உட்கார்ந்தார்கள். நடைபாதையில் அந்த நிறமில்லாத பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் கிடந்தது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"புஷ்பவல்லி, வேலாயுதத்தின் மகள். இந்தியர் கவுண்டருக்கு வரவும்."

யாரும் எழவில்லை.

"புஷ்பவல்லி, வேலாயுதத்தின் மகள்."

கமலநாதன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில், முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல், ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல், இவ்வளவு சத்தமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. அவள் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைத்தபோதுதான், அவருக்கு அவள் செத்த நாளிலிருந்து வராத அழுகை வந்தது.

மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். பிறகு, விண்ணப்பதாரர் நேரில் வராததால் கோப்பு மூடப்பட்டது என்று அறிவித்துவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.